கோழிக்கூண்டில் ஓட்டை எங்கே? அறிகுறியை வைத்துக் கண்டுபிடித்து அடைக்கும் வழிமுறை

கூண்டுக்குள் கோழி செத்துக் கிடந்தால் முதலில் எழும் கேள்வி, "கீரியா, மரநாயா, பாம்பா?" என்பதுதான். கேள்வி சரி, ஆனால் அது பாதி வேலை. வந்த விலங்கைப் பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விட்டாலும் அதே வழியில் அடுத்தது வரும். பல இடங்களில் இந்த விலங்குகளைப் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றமும்கூட. மாற்ற வேண்டியது கூண்டைத்தான். உங்கள் கூண்டில் கண்டதற்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன்னால் அடுத்த மூன்று பகுதிகளையும் படித்துவிடுங்கள்.

முதல் இரவு

இரை கிடைத்த இடத்துக்கு விலங்கு திரும்பி வரும், பெரும்பாலும் அடுத்த இரவே. மிஞ்சிய கோழிகளை இன்று அந்தக் கூண்டில் அடைக்காதீர்கள். காற்றோட்டம் உள்ள மரப்பெட்டியோ கதவு மூடும் அறையோ போதும். பஞ்சாரத்தில் கவிழ்ப்பதானால் வீட்டுக்குள் வைத்துக் கவிழ்க்க வேண்டும். வெளியே வைத்தால் நாய் ஒரே தட்டில் புரட்டிவிடும்.

செத்த கோழியை எடுக்கும் முன் அது கிடந்த இடம், காயம், இறகு சிதறிய திசை மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கையுறை போட்டு எடுத்து, குறைந்தது 60 செ.மீ. ஆழத்தில் புதைத்துவிடுங்கள். தீவனத் தட்டையும் முட்டைகளையும் இரவுக்கு முன் வெளியே எடுத்துவிடுங்கள்.

தடயம் எடுப்பது

கூண்டைச் சுற்றி 60 செ.மீ. அகலத்துக்குச் சலித்த மணலையோ சாம்பலையோ மெல்லியதாகப் பரப்பிச் சமன் செய்யுங்கள். மாவு வேண்டாம், அது எலியையும் எறும்பையும் கூப்பிடும். மறுநாள் வெளிச்சம் வந்ததும், கோழிகளைத் திறந்துவிடும் முன் பாருங்கள்.

நான்கு விரல், நகக்குறியோடு பதிந்திருந்தால் நாய் அல்லது நரி. நான்கு விரல், நகக்குறி இல்லாமல் உருண்டையாக இருந்தால் பூனை இனம். பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐந்து விரல் என்றால் கீரி அல்லது மரநாய். இரண்டையும் பிரிக்க நேரத்தைப் பாருங்கள்: கீரி பகலில் நடமாடும், மரநாய் இரவில். மரநாயின் எச்சத்தில் பழக்கொட்டைகள் முழுசாகக் கிடப்பதும் நல்ல அடையாளம். கால் தடம் எதுவும் இல்லாமல் நெளிந்த கோடு மட்டும் இருந்தால் பாம்பு. தடமே இல்லையென்றால் மேலிருந்து வந்திருக்கிறது, அல்லது கூண்டுக்குள்ளேயே இருக்கிறது.

கேமரா வைப்பவர்கள் அதை முழங்கால் உயரத்தில், கூண்டுச் சுவரோடு இணையாகப் பார்க்கும்படி வையுங்கள். கதவை நேராகப் பார்த்து வைத்தால், பின்புறம் நடப்பது எதுவும் பதிவாகாது.

வெளிச்சச் சோதனை

இரவில் கூண்டுக்குள் பிரகாசமான விளக்கு ஒன்றை வைத்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, வெளியே இருட்டில் சுற்றி வாருங்கள். வலை இல்லாத இடத்தில் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் குறியிடுங்கள். பிறகு ஒவ்வொரு குறியையும் அளக்க வேண்டும். பென்சில் நுழைந்தால் சுண்டெலிக்கு வழி உண்டு, அதற்கு 6 மி.மீ. போதும். சுண்டுவிரல் நுழைந்தால் குட்டி எலியும் சிறு பாம்பும் வரும். கட்டைவிரல் நுழைந்தால் பெரிய எலிக்கும் தாராளம். "இவ்வளவு சின்ன இடுக்கிலா?" என்ற சந்தேகம்தான் பெரும்பாலான கோழிகளின் உயிரை வாங்குகிறது. தலை நுழைந்தால் உடலை நுழைத்துவிடும் விலங்குகள் இவை. உடலின் பருமனைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

வெளிச்சம் காட்டாத ஓட்டைகளும் உண்டு: இளகிய ஆணி, துருப்பிடித்த வலை, உளுத்த சட்டம். அவற்றுக்குக் கைதான் சோதனை. வலையின் ஒவ்வொரு பலகத்தையும் இரு கையாலும் பிடித்து இழுங்கள், முழங்காலால் தள்ளுங்கள். உங்கள் தள்ளலுக்கே ஆடுவது நாய்க்கு நிற்காது.

அறிகுறி: வலை கிழிந்திருக்கிறது, அல்லது ஆணியோடு பெயர்ந்து தொங்குகிறது

இரண்டும் வேறு வேறு கோளாறு.

கிழிந்திருந்தால் தவறு வலையில். அறுகோணக் கண் உள்ள மெல்லிய முறுக்குக் கம்பி வலையைக் கோழிவலை என்று விற்கிறார்கள். கோழியை உள்ளே வைத்திருக்க அது போதும். வெளியே இருப்பதைத் தடுக்க அது செய்யப்படவில்லை. கம்பி 20 முதல் 22 கேஜ் (கம்பித் தடிமனைக் குறிக்கும் எண்) வரை மெலிதாக இருக்கும். நாய் பல்லால் பிடித்து இழுத்தால் முறுக்கு வரிசையாகப் பிரியும். பிளாஸ்டிக் வலையை எலிகூட அறுத்துவிடும்.

மாற்றாக வாங்க வேண்டியது, கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் சேரும் இடத்தில் பற்றவைத்த, துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ். கண் அளவு அரை அங்குலம், அதாவது சுமார் 12 மி.மீ. கம்பி 19 கேஜ், அதாவது 1 மி.மீ.; நாய்த் தொல்லை இருந்தால் 16 கேஜ், 1.6 மி.மீ. கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதை நினைவில் வைத்து வாங்குங்கள். பற்றவைத்த பிறகு துத்தநாகம் பூசிய வலை நீடித்து உழைக்கும். பூசிய கம்பியைப் பிறகு பற்றவைத்திருந்தால் இணைப்புகளில் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு அங்கேதான் தொடங்கும். இணைப்புகள் பூச்சில் மூழ்கி மொழுக்கென்று இருந்தால் முதல் வகை. கரிந்த புள்ளிகள் தெரிந்தால் இரண்டாவது.

கூண்டு முழுவதற்கும் சிறு கண் வலை போட வசதியில்லையென்றால், தரையிலிருந்து 90 செ.மீ. வரை அரை அங்குல வலையும், அதற்கு மேல் ஓர் அங்குலக் கண்ணில் தடித்த கம்பி வலையும் போடலாம். ஆனால் இது பகலில் உலாவும் முற்றத்துக்கு மட்டும். கோழி தூங்கும் பகுதிக்கு மேலிருந்து கீழ்வரை அரை அங்குல வலைதான்.

வலை முழுசாக இருந்து ஆணி பெயர்ந்திருந்தால் தவறு பொருத்தியதில். துப்பாக்கியால் அடித்த ஸ்டேப்பிள் பின்கள் மரத்தில் 8, 10 மி.மீ. ஆழம்தான் இறங்கும். ஈரத்தில் மரம் உப்பிச் சுருங்கச் சுருங்க அவை தானாகவே வெளியே வரும். மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் பொருத்துங்கள், அப்போது விலங்கு தள்ளும் விசை வலையைச் சட்டத்தோடு அழுத்தும். உட்பக்கம் பொருத்தினால் அதே விசை ஆணியைப் பிடுங்கும். 25 முதல் 30 மி.மீ. நீள ஸ்க்ரூவை அகன்ற வாஷரோடு 15 செ.மீ.க்கு ஒன்றாக முடுக்குங்கள். வாஷரின் விட்டம் 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது, குறைந்தால் வலைக் கண் வழியாகவே கழன்றுவிடும். 4 அடிக்கு 3 அடி பலகம் ஒன்றுக்கு 28 ஸ்க்ரூ, 28 வாஷர் ஆகும். கடைசியாக, வலையின் விளிம்பு மேல் ஒரு ரீப்பர் பட்டையை வைத்து முடுக்கினால் பல் வைக்க விளிம்பே இருக்காது. இரண்டு துண்டு வலை சேரும் இடம் சட்டத்தின் மேல்தான் விழ வேண்டும். நடுவெளியில் சேர்த்துக் கம்பியால் தைத்த இடத்தை விலங்கு தேடிக் கண்டுபிடிக்கும்.

அறிகுறி: சுவருக்கு அடியில் குழி

குழியின் அகலம் ஆளைச் சொல்லும். 5 முதல் 8 செ.மீ. வரை, விளிம்பு மொழுமொழுவென்று இருந்தால் எலி. கையை விரித்து நுழைக்கும் அளவுக்குப் பெரிதாக, மண்ணை வெளியே வாரி இறைத்திருந்தால் நாய் அல்லது நரி. இடைப்பட்டது கீரியாக இருக்கலாம். எலி தோண்டிய குழியையும் கீரி அகலப்படுத்திக்கொள்ளும்.

குழியை மண்ணால் மூடிக் கல் வைப்பது ஒரு நாள் தீர்வு. பக்கத்திலேயே அடுத்த குழி வரும். விலங்கு தோண்டும் முறையைப் பார்த்தால் மருந்து அதிலேயே இருக்கிறது. அது சுவரில் மூக்கை வைத்து, சுவர் ஓரத்திலேயே தோண்டும். இரண்டடி பின்னால் போய்ச் சுரங்கம் வெட்டத் தொடங்குவது அரிது. அதனால் சுவர் ஓரத்தில் தரைமேல் வலையைப் படுக்க வைத்துவிட்டால், தோண்டும் இடத்திலெல்லாம் நகம் கம்பியில் மாட்டும்.

செய்முறை: 3 அடி அகல அரை அங்குல வலையை எடுத்து, 1 அடி சுவரிலும் 2 அடி தரையிலும் படுமாறு 'எல்' வடிவில் மடியுங்கள். சுவர்ப் பக்கத்தை வாஷர் ஸ்க்ரூவால் முடுக்குங்கள். தரைப் பக்கத்தில் புல்லைச் செதுக்கி, வலையை இழுத்துப் பரப்பி, 30 செ.மீ. நீளக் கம்பியை 'யு' போல வளைத்து அடிக்கு ஒன்றாக அறையுங்கள். மேலே ஓர் அங்குல மண். புல் வளர்ந்து வலையைப் பிணைத்துக்கொண்ட பிறகு கையாலும் பெயர்க்க முடியாது.

அளவு கணக்கு: 6 அடிக்கு 4 அடி கூண்டு என்றால் 6 அடி நீளத்தில் இரண்டு துண்டு, 8 அடி நீளத்தில் இரண்டு துண்டு, மொத்தம் 28 அடி. 8 அடித் துண்டுகள் மூலைகளையும் மூடும். மூலையில் சுவரில் ஏறும் பாகத்தை மட்டும் வெட்டிவிட்டால் படியும். வெளி விளிம்பின் சுற்றளவு 36 அடி, ஆகவே 40 'யு' கம்பி வைத்துக்கொள்ளுங்கள். இதில் அதிகம் நடக்கும் தவறு, கதவுக்கு முன்னால் கால் தட்டும் என்று வலையை விட்டுவிடுவது. கதவடிதான் விலங்கு முதலில் முகரும் இடம். அங்கே வலைமேல் நடைகல் பதியுங்கள், அல்லது கதவின் அகலத்துக்கு 7 செ.மீ. கனத்தில் கான்கிரீட் போடுங்கள்.

மண்ணில் பள்ளம் வெட்டி வலையைச் செங்குத்தாக 30 செ.மீ. புதைப்பதும் வேலை செய்யும். ஆனால் புதைத்த வலை துருப்பிடித்தது கண்ணுக்குத் தெரியாது, வேலையும் மூன்று மடங்கு. பாறையும் வேரும் இல்லாத இளமண்ணில் மட்டும் அதை யோசிக்கலாம். எலிக்குழிகள் தளத்துக்கு அடியிலேயே வரும் இடத்தில் கான்கிரீட் தளமே முடிவான தீர்வு.

அறிகுறி: வலைக்கு உள்ளே கோழி கிடக்கிறது, தலையோ காலோ இல்லை

எதுவும் உள்ளே வரவே இல்லை. வெளியிலிருந்து கையை நீட்டியோ, வலையோரம் ஒதுங்கிய கோழியின் தலையைக் கவ்வியோ இழுத்திருக்கிறது. பயந்த கோழி வலையின் மறுபக்கம் ஓடி ஒண்டும், அங்கே இன்னொன்று காத்திருக்கும். இரவில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் தூங்கும் கோழி நகரவும் செய்யாது.

காரணம் பெரிய வலைக்கண், அல்லது சுவரை ஒட்டிய ஏறுகட்டை. கோழி உறங்கும் கட்டையை வலைச் சுவரிலிருந்து குறைந்தது 45 செ.மீ. தள்ளி வையுங்கள். தூங்கும் பகுதியின் கீழ் 60 செ.மீ. உயரத்துக்குப் பலகையோ தகரமோ அடித்தால், எட்டிப் பிடிக்கும் விலங்குக்குக் கோழி கண்ணில் படுவதே நின்றுவிடும்.

இரவில் கூண்டு திறந்திருந்து, அல்லது கோழி மரத்தில் தூங்கி, தலையும் கழுத்தும் மட்டும் காணாமல் போயிருந்தால் ஆந்தை இனத்தையும் நினைக்க வேண்டும். அதற்குத் தீர்வு ஒன்றே: கோழிகளை இருட்டும் முன் கூரைக்கடியில் அடைப்பது.

அறிகுறி: கதவு திறந்திருக்கிறது, அல்லது எதுவுமே உடையவில்லை, ஆனாலும் கோழி போயிற்று

பெரும்பாலும் தாழ்ப்பாள். கொக்கியும் வளையமும் உள்ள பூட்டு மூக்கால் தட்டினால் எழும்பிவிடும். மரத்துண்டைச் சுழற்றிப் போடும் பூட்டு நாய் கதவை உலுக்கும்போது தானே சுழலும். பக்கவாட்டில் தள்ளும் தாழ்ப்பாளும் அதிர்வில் மெல்ல நகரும். கதவைச் சாத்தி, ஒரு நிமிடம் பலமாக உலுக்கிப் பாருங்கள். திறந்தாலோ தாழ் நகர்ந்தாலோ மாற்ற வேண்டும். தள்ளு தாழ்ப்பாளின் துளையில் ஸ்பிரிங் கிளிப்போ சிறு பூட்டோ மாட்டினால் ஒரே அசைவில் திறக்காது. விலங்குகளை நிறுத்துவது இந்த இரண்டாவது அசைவுதான். கதவு 60 செ.மீ.க்கு மேல் உயரம் என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தாழ் வேண்டும். ஒன்று மட்டும் நடுவில் இருந்தால் கீழ் மூலையைத் தள்ளி வளைத்து உள்ளே நுழைந்துவிடும்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். நிலைச்சட்டத்தில் ஒரு தடைப்பட்டை அடித்துவிட்டால், வெளியிலிருந்து தள்ளத் தள்ளக் கதவு இன்னும் இறுகும். கதவு தொங்கிக் கீழே இடுக்கு விழுந்திருந்தால் கீலை மட்டும் மாற்றிப் பயனில்லை. கதவின் பின்னால் குறுக்குச் சட்டம் ஒன்று அடியுங்கள்: கீல் பக்கத்துக் கீழ் மூலையிலிருந்து, தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலைக்கு. திசையை மாற்றி அடித்தால் மரச்சட்டம் பாரத்தைத் தாங்காது.

மேலிருந்து இறங்கும் பலகைக் கதவானால், அதைப் பாதத்தால் தூக்க முடியும். இருபக்கமும் ஆழமான பள்ளச் சட்டம், கீழே பலகை விளிம்பு மறையும் ஒரு வாசற்கட்டை, இறங்கிய பிறகு குத்தும் ஓர் ஊசி, மூன்றும் வேண்டும். தானியங்கிக் கதவு வைத்திருப்பவர்கள் பருவத்துக்கு ஏற்ப நேரத்தை மாற்ற மறப்பதுண்டு. சீக்கிரம் மூடினால் கடைசிக் கோழி வெளியே மாட்டும், தாமதித்தால் அந்தியில் வரும் விலங்கு உள்ளே மாட்டும். சூரியன் மறைந்து 20 முதல் 30 நிமிடம் கழித்து மூடுவது பொதுவாகச் சரியாக அமையும். எந்தக் கதவாக இருந்தாலும் இரவில் தலையை எண்ணுங்கள். மனிதர் கதவைச் சாத்த மறந்த ஓர் இரவுக்கு எந்த வலையும் ஈடு கட்டாது.

பூட்டும் சரி, வலையும் சரி, இறகும் இல்லை, ஒரே ஒரு பெட்டை மட்டும் காணவில்லை என்றால் புதரடி, விறகடுக்கு, வைக்கோல் எல்லாம் தேடுங்கள். மறைவில் முட்டையிட்டு அடையில் உட்கார்ந்திருக்கலாம். 21 நாள் கழித்துக் குஞ்சுகளோடு வரும், அதற்குள் எதுவும் பிடிக்காமல் இருந்தால்.

அறிகுறி: பல கோழிகள் செத்திருக்கின்றன, தின்றது கொஞ்சம்தான்

உடல் முழுக்கக் கடி, இறகு நாலா பக்கமும், வலை வளைந்திருக்கிறது என்றால் நாய். நாய்க்கு வலையும் கதவும்தான் மருந்து, மேலே சொல்லியாயிற்று.

காயம் கழுத்திலும் தலையின் பின்புறத்திலும் மட்டும், சின்னச் சின்னப் பல்லடையாளமாக இருந்தால் கீரி போன்ற சிறு ஊனுண்ணி. "ரத்தத்தைக் குடித்துவிட்டுப் போய்விட்டது" என்று சொல்வதுண்டு. அது குடிக்க வருவதில்லை. கழுத்தைக் கவ்விக் கொல்வது அதன் முறை. அடைபட்ட கோழிகள் படபடக்கப் படபடக்க அதன் வேட்டைத் தூண்டல் அடங்குவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகக் கொல்கிறது. இப்படிப்பட்ட விலங்கு நுழைந்த வழி சிறியதாகவே இருக்கும். வெளிச்சச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள்.

முக்கியமாகக் கூரை விளிம்பைப் பாருங்கள். நெளி தகரத்தைச் சட்டத்தின் மேல் வைத்து முடுக்கும்போது ஒவ்வொரு மேட்டுக்கும் அடியில் ஒரு பொந்து மிஞ்சும். ஒரு கூரையில் இருபது முப்பது பொந்துகள். சுவரை எல்லோரும் பார்ப்பார்கள், அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. மரநாயும் எலியும் பாம்பும் ஏறிவரும் வழி இதுதான். ஸ்பாஞ்சை அடைக்காதீர்கள், கடித்து எடுத்துவிடும். 15 செ.மீ. அகல வலைப் பட்டையை நீளவாக்கில் மடித்து, பாதி சட்டத்திலும் பாதி தகரத்தின் அடியிலும் படியுமாறு ஸ்க்ரூ போடுங்கள். காற்றும் வரும், விலங்கு வராது. காற்றுக்கான திறப்புகளை முழுசாக அடைப்பது அடுத்த பெரிய தவறு. எச்சத்திலிருந்து எழும் அமோனியாவும் ஈரமும் மூச்சுநோயைக் கொண்டுவரும். தூங்கும் கோழியின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டித் திறப்பு இருக்கட்டும், வலையோடு.

அறிகுறி: முட்டை காணோம்

ஓடு, கரு, ஈரம் எதுவும் இல்லாமல் முட்டை மட்டும் போயிருந்தால் பாம்பு அல்லது எலி. பாம்பு முழுசாக விழுங்கும், எலி உருட்டிக்கொண்டு போகும். காகமும் முழு முட்டையைக் கவ்விச் செல்லும், ஆனால் பகலில், திறந்த பெட்டியிலிருந்து. ஓட்டுத் துண்டுகள் பெட்டிக்குள்ளேயே கிடந்து, வைக்கோல் மஞ்சள் கருவால் ஒட்டியிருந்தால் கோழியே குடிக்கிறது. எந்தக் கோழியின் அலகில் கரு காய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கிளிஞ்சல் தூள் கொடுத்து ஓட்டைக் கெட்டிப்படுத்துவது, பெட்டியை இருட்டாக்குவது, நாளுக்கு இரண்டு மூன்று தடவை முட்டை எடுப்பது ஆகியவை அதற்கு உதவும்.

முட்டைப் பெட்டிக்கு வெளியிலிருந்து திறக்கும் மூடி இருந்தால் அதைக் கவனியுங்கள். மற்ற எல்லாக் கதவுக்கும் தாழ் போட்டுவிட்டு, மூடியின் எடையை நம்பி விட்டிருப்பார்கள். மூடிக்கும் கதவுக்குச் சொன்னது போலவே தாழ்ப்பாளும், அதன் துளையில் கிளிப்போ சிறு பூட்டோ வேண்டும்.

அறிகுறி: குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன, அல்லது தலை நனைந்த குஞ்சு செத்துக் கிடக்கிறது

தலையும் கழுத்தும் எச்சில் பட்டது போல் நனைந்து, காயமே இல்லாமல் கிடக்கும் குஞ்சைப் பாம்பு விழுங்க முயன்று, முடியாமல் விட்டிருக்கிறது. சில நேரம் பாம்பு கூண்டுக்குள்ளேயே இருக்கும்: மெலிந்த உடலோடு வந்தது, விழுங்கியதும் பருத்து, வந்த கண்ணில் திரும்பிப் போக முடியாமல் பெட்டியின் மூலையில் சுருண்டிருக்கும். அதனால் முட்டைப் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் கையை விடாதீர்கள். பாம்பு இருந்தால் விலகி நின்று, பாம்பு பிடிக்கப் பயிற்சி பெற்றவரை அழையுங்கள். நீங்களே பிடிக்க வேண்டாம்.

அரை அங்குல வலை பெரிய பாம்பை நிறுத்தும், குட்டியை நிறுத்தாது. குஞ்சுக் கூண்டின் கீழ் 60 செ.மீ.க்குக் கால் அங்குல (6 மி.மீ.) வலையை மேற்கொண்டு அடியுங்கள். கூரைமேல் சாயும் கிளைகளை வெட்டுங்கள். விறகு, ஓடு, செங்கல் அடுக்குகளைக் கூண்டை ஒட்டி வைக்காதீர்கள். நாப்தலீன் உருண்டையும் கார்பாலிக் அமிலமும் போடுவது பரவலாக இருக்கிறது. பாம்பு அதைக் கடந்து போகும், கோழிக்கும் பிள்ளைகளுக்கும்தான் அவை நஞ்சு. மெல்லிய நைலான் வலையைத் தரையில் சுற்றுவதும் கூடாது. பாம்பு அதில் சிக்கி அறுபட்டுச் சாகும், சிக்கிய பாம்பை விடுவிப்பவருக்கும் ஆபத்து.

குஞ்சின் உடல் பாதி தின்னப்பட்டு ஒரு வளைக்குள் இழுபட்டிருந்தால், அல்லது தூங்கும் பெரிய கோழியின் காலிலும் எச்சத்துளையைச் சுற்றியும் கடி இருந்தால் எலி. கோழிக்கூண்டில் மற்ற பல தொல்லைகளுக்கு வேர் இதுதான். எலியைத் தேடித்தான் பாம்பு வருகிறது. எலி வருவது தீவனத்துக்கு. இரவில் தீவனத்தை எடுத்து, இறுக்க மூடும் தகர டின்னில் வையுங்கள். சாக்கும் பிளாஸ்டிக் வாளியும் எலிக்குத் தடையே இல்லை. கூண்டின் தளம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால் அந்த இடுக்கு எலிக்கு வீடு. ஒன்று தரையோடு கான்கிரீட், இல்லையென்றால் 45 செ.மீ.க்கு மேல் கால் வைத்து உயர்த்துங்கள். அடியில் வெளிச்சமும் பூனை நடமாட்டமும் இருந்தால் எலி தங்காது.

பொறி வைப்பதானால் கோழி எட்டாதபடி, இருபக்கமும் ஓட்டை உள்ள பெட்டிக்குள், சுவரோரமாக வையுங்கள். புதுப்பொருளைக் கண்டால் எலி சில நாள் ஒதுங்கும். நான்கைந்து நாள் இரையை மட்டும் வைத்துப் பொறியைப் பூட்டாமல் விடுங்கள், பழகிய பிறகு பூட்டுங்கள். எலிமருந்து வேண்டவே வேண்டாம். மருந்து தின்று தள்ளாடும் எலியைக் கோழி கொத்தும், ஆந்தை தூக்கும். நஞ்சு அவற்றுக்கும் போகும்.

அறிகுறி: பகலில் மேய்ந்த கோழி போயிற்று, ஒரே இடத்தில் இறகுக் குவியல்

பருந்து அல்லது வல்லூறு. குஞ்சு என்றால் காகமும். மேலே 5 செ.மீ. கண் வலையை இறுக்கமாக இழுத்துக் கட்டினால் போதும். தொய்ந்தால் சருகு தேங்கிக் கிழியும். முற்றம் பெரிதானால் 30 முதல் 60 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகத் தூண்டில் நரம்பு கட்டுவது ஓரளவு குறைக்கும், முழுசாக நிறுத்தாது. நடுவெளியில் ஒண்டிக்கொள்ளத் தாழ்வான பந்தலோ புதரோ வேண்டும். பொம்மை ஆந்தை சில நாள்தான் வேலை செய்யும்.

அறிகுறி: மின்வேலி இருந்தும் வருகிறது

புல் கம்பியைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். தொட்டால் மின் துடிப்பு தரைக்குப் போய்விடும். அடுத்தது தரை இணைப்பு. காய்ந்த மண்ணில் அது வேலை செய்யாது; எர்த் கம்பிகளை ஈரம் நிற்கும் இடத்தில் ஆழமாக அறைந்து, கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். வேலி மீட்டரில் 3,000 வோல்ட்டுக்குக் குறைந்தால் மயிர் அடர்ந்த விலங்குக்கு உறைக்காது. கம்பி உயரமும் முக்கியம், மூக்கு படும் உயரமான 15 செ.மீ., 30 செ.மீ. இரண்டும் வேண்டும். இதற்கென்றே தயாரான துடிப்புக் கருவியை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுத்தால் மனிதர் சாவார்கள்.

விலங்கு செய்யாத சாவு

காயமே இல்லாமல் இரண்டு நாளில் பல கோழிகள் செத்தால் கூண்டில் ஓட்டை தேடாதீர்கள். நோயாக இருக்கலாம். கையுறை இல்லாமல் தொடாமல், பிள்ளைகளை அண்டவிடாமல், கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்சத்துளை வழியாகக் குடல் இழுபட்டிருந்தால் மற்றக் கோழிகளே கொத்தியிருக்கவும் கூடும். மற்றவற்றின் அலகில் ரத்தம் இருக்கிறதா பாருங்கள், நெருக்கடி இருந்தால் குறையுங்கள். ஏறுகட்டையில் ஒரு கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. இடம் வேண்டும். இரவில் இயல்பாகச் செத்த கோழியை எலி வந்து தின்பதும் உண்டு. கடித்த இடத்தில் ரத்தம் கசிந்து உறையவில்லை என்றால், கடி சாவுக்குப் பிறகு பட்டது.

அடைத்த பிறகு

ஓட்டையை அடைத்த அன்றே கோழிகளை உள்ளே விடாதீர்கள். மணல் பட்டையைப் பரப்பி, கூண்டைக் காலியாக வைத்து, மூன்று இரவு பாருங்கள். விலங்கு வந்து சுற்றிவிட்டுப் போன தடம் தெரியும். அது நின்று முகர்ந்த இடம், நகம் கீறிய இடம் எல்லாம் நீங்கள் தவறவிட்ட பலவீனங்கள். அவற்றையும் சரிசெய்து, நான்காம் இரவு கோழிகளை அடையுங்கள். அதன்பின் மாதம் ஒரு முறையும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வலையை இழுத்துப் பார்த்து, தரை வலையின் 'யு' கம்பிகளை மிதித்து இறக்கிவிடுங்கள்.